அக்காவின் வாள் நிற்கும் இடம்

1

இந்தக் கதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் பிறந்தது. அக்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் தலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நரையைப் பார்க்கிறாள் என்று நினைத்து முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டேன்.

"டேய், உன் தலை எனக்கு வேணும்," என்றாள்.

"எதுக்கு?"

"வாள் இறக்க."

அத்தானுக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனுஷன். முன்னால் ஒரு பூனை குறுக்கே போனால்கூட வண்டியை நிறுத்திவிட்டு அதன் குடும்பம் முழுக்கக் கடந்து போகும்வரை காத்திருப்பவர். தலையில் தட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது அனுதாபமா, தன் தலை தப்பிய நிம்மதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இறக்கத்தான் போறேன். ஆனா தொட மாட்டேன். ஒரு விரல் உயரத்துல நிறுத்தணும். அதான் பரீட்சை," என்றாள் அக்கா.

சரி என்றேன். ஆனால் பதிலுக்கு நானும் ஒன்று கேட்டேன்: இதைக் கதையாக எழுத விட வேண்டும். அவளும் சரி என்றாள், பதிலுக்குப் பதிலாக ஒரு நிபந்தனையோடு. எழுதுகிற ஒவ்வொரு பக்கத்தையும் அவளிடம் காட்ட வேண்டும். பிடிக்காததை அடிப்பாள். என் அக்கா பேச்சில் எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். ஆகவே நீங்கள் இப்போது வாசிப்பது அடித்தது போக மிஞ்சியது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்.

முதலாவது: இருள் சூழ்ந்த மண்டபத்தில் ஒரு வாள் மின்னியது. அதன் கூர்முனையில் காலமே ஒரு கணம் –

"இருளாவது மண்ணாவது! நான் வாள் பழகற மாடியில டியூப்லைட் அத்தனையும் எரியுது. கீழ டயர் கடை. ரப்பர் நாத்தம் மூக்கைத் துளைக்குது. அதை எழுது."

இரண்டாவது: அவள் ஒரு பாவப்பட்ட பெண். விதி அவளுடைய வலது தோளை –

"யாருடா பாவப்பட்ட பெண்?"

இதற்கு மேல் இரண்டாவது தொடக்கத்தைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாவதில் அலங்காரம் எதுவும் கிடையாது. அக்காவுக்கு ஐம்பதை எட்டும் வயது. ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை. நீளக் காம்பு வைத்த மரத் துடுப்பில் பிசைந்த மாவை ஏற்றி, அடுப்பின் வாய்க்குள் ஆள் உயரத்துக்கு நீட்டி, உள்ளே வைத்துவிட்டு வெறும் துடுப்பை வெளியே இழுப்பது. வெந்த ரொட்டியை எடுப்பதும் அதே துடுப்பால்தான். வருஷக்கணக்கில் செய்த வேலை. ஒரு நாள் மாவு மூட்டை அடுக்கிய அறையில் ஏணி சறுக்கியது. தோள் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு வலது கை காதைத் தாண்டி மேலே போக மறுத்தது.

டாக்டர் இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்றார். முதலாளி அவளை அடுப்படியில் இருந்து எடுத்துப் பொட்டலம் கட்டும் மேஜையில் உட்கார வைத்தார். அத்தான் அவள் கையில் இருந்து தண்ணீர்க் குடத்தைக்கூடப் பிடுங்கிக்கொண்டார். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் அவள் நன்மைக்குத்தான் செய்தார்கள்.

"ஆளாளுக்கு என் கைக்கு ஒரு சட்டம் போட்டாங்கடா," என்றாள் அக்கா. "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். என் கை நான் சொல்ற இடத்துக்குப் போகணும். நான் சொல்ற இடத்துல நிக்கணும். அவ்வளவுதான்."

கதையில் பணயம் என்ன என்று கேட்பவர்களுக்கு: இதுதான். நடுவில் என் மண்டையும் இருக்கிறது, ஆனால் அது சில்லறை விஷயம் என்பது அக்காவின் கருத்து.

3

ஏன் வாள்? இந்தக் கேள்விக்கு நான் மூன்று உருக்கமான பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். சின்ன வயதுக் கனவு, அப்பாவின் ஆசை, அப்படி. மூன்றும் அடிபட்டன.

உண்மை இது. சுவரில் விரல்களை ஒவ்வொரு அங்குலமாக ஏற்றி இறக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். "பல்லிக்கே அலுத்துப்போகும்டா அது," என்பாள். அப்போது ஒரு நாள் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க டயர் கடைக்குப் போனாள். மாடியில் தொம் தொம் என்று சத்தம். என்ன என்று ஏறிப் பார்த்தாள். வாள் வகுப்பு. பத்துப் பதினைந்து பேர் மரவாளைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கையைத் தலைக்கு மேலே தூக்குகிறார்களே, நாமும் தூக்கிப் பார்ப்போம் என்று தோன்றியது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் வேண்டும் என்றால் வேறு கதை வாசியுங்கள்.

அடுத்து எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு கதாபாத்திரத்தின் மேல்: அங்கே கற்றுக்கொடுப்பவர். கண்ணை மூடினால் எனக்கு ஒரு நரைத்த தாடியும் கனத்த மௌனமும்தான் தெரிந்தன. நேரில் போனால் அக்காவுக்கு மகளாக இருக்கும் வயதில் ஒரு பெண். பகலில் கண்ணாடிக் கடையில் லென்சு தேய்க்கிற வேலை. சிரித்தால் விக்கல் வரும். விக்கல் வந்தால் அதற்கும் சிரிப்பாள். எல்லாரும் குட்டி மாஸ்டர் என்பார்கள். (வாசகர்கள் இவளை நம்ப மாட்டார்கள் என்று தாடியை ஒட்டிப் பார்த்தேன். விக்கலுக்கும் தாடிக்கும் ஒத்துப்போகவில்லை. கழற்றிவிட்டேன்.)

முதல் நாள் குட்டி மாஸ்டர் அக்காவுக்கு வாள் தரவில்லை. ஒரு கட்டை தந்தாள். கட்டையின் நடுவில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் செங்கல். கையை முன்னால் நீட்டிக் கட்டையைச் சுருட்டச் சுருட்டச் செங்கல் மேலே வரும். பிறகு அவிழ்த்து அவிழ்த்துக் கீழே இறக்க வேண்டும். அடுத்தது ஈரத் துண்டு. இரண்டு கையாலும் சொட்டு வடியாமல் போகும்வரை பிழிய வேண்டும். வாளைப் பிடிக்கிற பிடி அதுவாம். பிறகு, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்காருவதுபோல் அரைகுறையாக உட்கார்ந்து அப்படியே இருக்க வேண்டும்.

"நான் தோளுக்குத்தானே வந்தேன் மாஸ்டர்? காலை எதுக்கு வதைக்கறீங்க?"

"வாள் கையில இல்லக்கா. தொடையில இருக்கு. கை சும்மா அதைத் தூக்கிக் காட்டுது."

அன்று சாயங்காலம் அக்கா கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கி வந்தாள். டயர் கடைக்காரர் பஞ்சர் போடுவதை நிறுத்திவிட்டு, "மேல போறப்போ ஒழுங்காத்தானே போனீங்க?" என்று கேட்டாராம். மறுநாள் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. அத்தான் எண்ணெய்ப் புட்டியோடு பின்னாலேயே சுற்றினார். "விட்டுடேன்மா," என்று கெஞ்சினார்.

"கையையே விட்டாலும் விடுவேன், இதை விட மாட்டேன்," என்றாளாம். கோபத்தில் சொன்னது. ஆனால் அன்றைக்கு அவள் முகம் வேறு மாதிரி இருந்தது என்று அத்தான் என்னிடம் தனியாகச் சொன்னார். வலித்தது தோள் இல்லை. கால், முதுகு, வயிறு, முன்கை. இத்தனை மாதமாக அந்த ஒரு தோளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் உடம்பில் மற்றதெல்லாம் இருப்பது அன்றுதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

4

இந்த இடத்தில் காலம் வேகமாக ஓட வேண்டும். (திரைப்படம் என்றால் ஒரு பாட்டு போட்டு முடித்துவிடுவார்கள். கதை எழுதுகிறவனுக்கு அந்த வசதி இல்லை.) அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அக்காவின் அம்மி நகர்ந்தது. செங்கல் ஒன்று இரண்டானது. அவள் பிழிந்து போட்ட துணியை உதறினால் கொடியில் போடாமலே காய்ந்துவிடும் போல் இருந்தது. வலது கை காதைத் தாண்டியது, உச்சந்தலைக்கு மேலே போய் நின்றது. அன்று சமையலறையில் மேல் பலகையில் இருந்த டப்பாவைத் தானே எட்டி எடுத்தாள். எடுத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டு, மறுபடி எடுத்தாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மரவாள் போய் இரும்பு வாள் வந்தது. கூர் இல்லாதது. ஆனால் கனம் கனம்தான். தலையில் விழுந்தால் கூர் இல்லையே என்று யாரும் சந்தோஷப்பட முடியாது.

அங்கேதான் சிக்கல் முளைத்தது.

அந்தப் பள்ளியின் பரீட்சையைச் சொல்லிவிடுகிறேன். மாணவருடைய சொந்தக்காரர் ஒருவர் முக்காலியில் உட்கார வேண்டும். தலையில் காகிதத் தொப்பி. மாணவர் முழு வேகத்தில் வாளை இறக்கி, தொப்பிக்கு ஒரு விரல் உயரத்தில் நிறுத்த வேண்டும். உட்கார்ந்தவர் அசையக் கூடாது. முடிந்ததும் குட்டி மாஸ்டர் தீர்ப்பு சொல்ல மாட்டாள். உட்கார்ந்தவரைப் பார்த்து, "தொட்டுதா?" என்று கேட்பாள். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு. ஏன் சொந்தக்காரர் என்று கேட்டேன். "வேற யார் தலைன்னாலும் கை கொஞ்சம் அசட்டையா இருக்கும்," என்றாள்.

பழகுவதற்கு மனிதத் தலை கொடுக்க மாட்டார்கள். கவிழ்த்த வாளியின் மேல் தொப்பி. அக்கா வாளை இறக்குவாள். சரியான வேகம், சரியான கோடு. சரியான உயரத்துக்கு வரும். வந்த பிறகு அந்தக் கடைசி நொடியில் வாளின் முனை லேசாகக் கீழே குனியும். குனிந்து, சுண்டி, பின்னால் இழுக்கும். தொப்பி நசுங்கிவிடும். ஒவ்வொரு தடவையும். ஒரு மூலை முழுக்க நசுங்கிய தொப்பிகள். மற்ற மாணவர்கள் அவளுக்காகவே வீட்டில் இருந்து பழைய காகிதம் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

"பலம் பத்தலையா மாஸ்டர்?"

"பலத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லக்கா." குட்டி மாஸ்டர் வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இன்னொரு தடவை செய்ங்க. இன்னொரு தடவை. ஆங்! நீங்க வெட்டலைக்கா. ரொட்டி வைக்கறீங்க."

அதேதான். துடுப்பை நீட்டி, முனையைக் குனிய வைத்து, ஒரு சுண்டு சுண்டி இழுத்தால்தான் மாவு அடுப்புத் தரையில் இறங்கும். அந்தக் கை வருஷக்கணக்காக ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் எதையோ இறக்கி வைத்துவிட்டு வந்த கை. வாளைக் கொடுத்தாலும் அது என் தலையில் ஒரு ரொட்டியை வைக்காமல் திரும்பாது.

5

இது கட்டுரைப் பகுதி. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். போனால் நஷ்டம் உங்களுக்கு.

வெட்டுவதற்குப் பலம் வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தப்பு. வாள் தன் கனத்தில் தானே இறங்கும். அதைத் தூக்கிவிட்டால் போதும், மீதியைப் பூமி பார்த்துக்கொள்ளும். பலம் முழுக்கத் தேவைப்படுவது நிறுத்துவதற்கு. பாய்ந்து வருகிற இரும்பை அந்தரத்தில் பிடித்து நிறுத்தத் தொடை வேண்டும், இடுப்பு வேண்டும், தோளின் பின்பக்கம் வேண்டும், சுண்டுவிரல்கூட வேண்டும். குட்டி மாஸ்டர் என்னையும் ஒரு தடவை முயன்று பார்க்கச் சொன்னாள். இறக்கினேன். வாளியே உருண்டு போனது. நான் வாய்ச்சொல் வீரன் என்பது அந்த மாடி முழுக்கத் தெரிந்துபோனது.

வீடு திரும்பும் வழியில் அக்கா சும்மா இருக்கவில்லை.

"சிரிக்காதேடா. உனக்கும் இதே வியாதிதான்."

"எனக்கா?"

"உன் கதையெல்லாம் படிச்சிருக்கேனே. நல்லாத்தான் வரும். முடிய வேண்டிய இடத்துல முடியும். அதுக்கப்புறம் கடைசியா ஒரு சுண்டு சுண்டுவே பாரு, 'அப்போது வானம் எதையோ சொல்லத் துடித்தது'ன்னு. வானம் உன்கிட்ட வந்து சொல்லுச்சா? நிறுத்தத் தெரியலை உனக்கு."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய்ப் பழைய கதைகளைப் புரட்டினேன். வானம் துடித்தது. இன்னொன்றில் காற்று மௌனமானது. இன்னொன்றில் ஒரு இலை –

போதும். அக்கா சொன்னது சரி.

6

வியாதி தெரிந்தால் பாதி குணம். குட்டி மாஸ்டர் செங்கல்லைத் திரும்பக் கொண்டுவந்தாள். ஆனால் இந்த முறை ஏற்றுவதில் அக்கறை இல்லை, இறக்குவதில்தான். கயிறு ஒரு சாண் அவிழ்ந்ததும் நிறுத்து. மூச்சு விடு. இன்னொரு சாண். நிறுத்து. செங்கல் ஆடக் கூடாது. அக்காவின் முன்கை நரம்புகள் புடைத்துக்கொண்டு நிற்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவாள். "விட்டா ஓடிப்போயிடும் இந்தச் செங்கல். கழுத்தைப் பிடிச்சு நிறுத்தணும்," என்பாள்.

ஆனால் சுண்டுகிற பழக்கம் உண்டானது மாடியில் இல்லை, அடுப்படியில். அதை அங்கேயே போய்த்தான் தீர்க்க வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது. மத்தியானம் அடுப்பு ஆறிக் கிடக்கும் நேரம். பொட்டல மேஜையில் இருந்து நழுவி வந்து சுவரில் சாய்த்த துடுப்பை எடுப்பாள். முனையில் ஒரு டம்ளர். டம்ளர் நிறையத் தண்ணீர். முழு வேகத்தில் நீட்டி, அடுப்பின் வாயில் நிறுத்துவாள். குனியாமல், சுண்டாமல். முதல் வாரம் அடுப்படி முழுக்கத் தண்ணீர். துடைப்பதும் அவளேதான். பிறகு பாதி சிந்தியது. பிறகு கால்வாசி. பிறகு டம்ளரின் விளிம்பில் தண்ணீர் நடுங்கியது, ஆனால் விழவில்லை.

அப்போது முதலாளி வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தார்.

"என்னம்மா பண்றே?"

"தண்ணி சிந்தாம நிறுத்திப் பாக்கறேண்ணே."

அவர் துடுப்பைப் பார்த்தார். நீட்டியபடியே நிற்கிற அந்தக் கையைப் பார்த்தார். அது இறங்குமா என்று காத்திருந்தவர் போல் நின்றார். இறங்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மேஜையில பொட்டலம் அப்படியே கிடக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

(முதலாளியை இந்த இடத்தில் நான் கெட்டவராக்கப் பார்த்தேன். அக்கா அடித்துவிட்டாள். "அவர் பயப்படறாருடா. திரும்பவும் விழுந்துடுவேனோன்னு. அதைக் கோபமா எழுதாதே.")

7

பரீட்சைக்கு முன்னாலேயே முடிவுகளை எழுதி வைத்துவிட்டேன். தலை போனாலும் கதை தங்கட்டும் என்ற முன்னெச்சரிக்கை.

முடிவு அ: வாள் தொட்டுவிடுகிறது. தம்பி பாசத்தில், "தொடல," என்று பொய் சொல்கிறான். அக்கா அதைக் கண்டுகொள்கிறாள். இருவர் கண்ணிலும் நீர்.

முடிவு ஆ: கடைசி நொடியில் தம்பி பயந்து எழுந்து ஓடுகிறான். (இதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று அத்தான் சொன்னார்.)

முடிவு இ: வாள் நிற்கிறது. அப்போது வானம் –

அக்கா மூன்றையும் வாசித்தாள். மாவு ஒட்டிய விரலால் புரட்டியதால் காகிதத்தில் வெள்ளை வெள்ளையாகத் தடம். ஆ-வுக்குச் சிரித்தாள். இ-யைக் கிழித்தாள். அ-விடம் வந்தபோது அவள் முகம் மாறிவிட்டது.

"இதை நீ செய்வேதானே?"

"கதைக்காக எழுதினது அக்கா –"

"செய்வே. எனக்குத் தெரியும். நீ கதை எழுதறவன். என்மேல பாசம் வேற. ரெண்டும் சேர்ந்தா பொய் தானா வரும்." துண்டில் கையைத் துடைத்தாள். "இத்தனை நாளா எல்லாரும் என் கையைப் பத்தி எனக்கு நல்லதா பார்த்துப் பார்த்துச் சொல்லிட்டாங்க. நீயும் சொல்லாதே. தொட்டா தொட்டுதுன்னு சொல்லு. என்மேல ஆணை."

சத்தியம் செய்தேன். அவள் நம்பினாளா? நம்பவில்லை. அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

8

ரப்பர் நாற்றம். டியூப்லைட் அத்தனையும் எரிகிறது. நான் முக்காலியில்.

தொப்பி செய்ய இந்தக் கதையின் ஒரு பக்கத்தைக் கொண்டுபோயிருந்தேன். பொருத்தமாக இருக்கும் என்று நினைப்பு. அக்கா அதை மடித்து என் சட்டைப்பையிலேயே திரும்பத் திணித்துவிட்டு, பேக்கரியில் ரொட்டி போட்டுத் தருகிற பழுப்புக் காகித உறையை எடுத்துத் தொப்பியாக மடித்தாள். சாய்க்காமல் என் தலையில் வைத்தாள்.

"பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி இரு."

அத்தான் மூலையில் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். விரல்களுக்கு நடுவில் தாராளமாக இடைவெளி விட்டிருந்தார்.

அக்கா வாளை எடுத்தாள். எடுத்தவள், இடுப்பில் செருகியிருந்த ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தைப் பிரித்து, வாளின் விளிம்பு நெடுகக் கோதுமை மாவைத் தடவினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ரொட்டிக்காரி புத்தி! பழுப்புக் காகிதத்தில் வாள் பட்டால் வெள்ளைக் கோடு விழும். படாவிட்டால் விழாது. தம்பியின் வாயைவிடக் காகிதம் நம்பகமானது என்று முடிவுகட்டிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது, ஏனென்றால் அவள் வாளைத் தூக்கிவிட்டாள்.

காதைத் தாண்டியது. உச்சந்தலையைத் தாண்டியது. ஒரு காலத்தில் டப்பாவை எட்டாத கை அங்கே மேலே ஆடாமல் நின்றது. முழங்கால் பாதி மடங்கியது. நான் கண்ணை மூடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடவில்லை. அவள் முகத்தையே பார்த்தேன். அதில் பயம் இல்லை, கோபம் இல்லை. அடுப்பின் வாயைப் பார்க்கிற அதே முகம்.

இறங்கியது.

சத்தம் முதலில் வந்தது. உஸ்ஸென்று. பிறகு ஒன்றும் இல்லை. என் தலைக்கு மேலே ஏதோ குளிர்ச்சியாக இருந்தது. பிறகு வெள்ளையாக ஒன்று, மெதுவாக, என் இமையில், மூக்கில், மடியில் இறங்கியது.

மாவு. வாள் அவ்வளவு பட்டென்று நின்றதால் அதன் விளிம்பில் இருந்த மாவு மட்டும் நிற்காமல் கொட்டிவிட்டது. தொப்பியின் முதுகில் நேராக ஒரு வெள்ளைக் கோடு.

குட்டி மாஸ்டருக்கு விக்கல் ஆரம்பித்துவிட்டது. "அய்யோ அக்கா! பட்டிருந்தாலும் – ஹிக் – இதே கோடுதான் விழும். படாம கொட்டியிருந்தாலும் இதே கோடுதான். சாட்சியை நீங்களே – ஹிக் – அழிச்சுட்டீங்களே!"

அக்கா வாளை அசைக்கவே இல்லை. குனியவில்லை. சுண்டவில்லை. பின்னால் இழுக்கவில்லை. அது அங்கேயே, என் தலைக்கு மேலே, அவள் நிறுத்திய இடத்தில் இருந்தது. அத்தான் கையை முகத்தில் இருந்து எடுத்துவிட்டார்.

"தொட்டுதா?" என்று குட்டி மாஸ்டர் என்னைக் கேட்டாள். விக்கலை அடக்கிக்கொண்டு, முறைப்படி.

நான் வாயைத் திறந்தேன். மூக்கில் மாவு. தும்மல் வந்தது. அசையக் கூடாது. உயிரைப் பிடித்துக்கொண்டு தும்மலை அடக்கினேன். கண்ணில் தண்ணீர் வழிகிறது, பேச்சு வரவில்லை. எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். ஆயுளில் முதல் தடவையாக என் ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் காத்திருந்தார்கள், அந்தச் சொல் வரவில்லை!

"தொடல," என்றது ஒரு குரல்.

அக்காவின் குரல்.

"உட்கார்ந்தவங்கதான் சொல்லணும்க்கா."

"அவன் சொல்லட்டும். நீங்க கேளுங்க. ஊரே சொல்லட்டும். நான் மாவு தடவினது தப்பு, அது தேவையே இல்லை." வாள் இன்னும் இறங்கவில்லை. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "என் கை எங்க நின்னுதுன்னு எனக்குத் தெரியாதா?"

அதன்பிறகுதான் வாளை எடுத்தாள். நான் தும்மினேன். தொப்பி பறந்து போய் அத்தான் காலடியில் விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார் அத்தான். சொல்லிவிட்டு அழுதுவிட்டார். மாடி முழுக்கக் கைதட்டல். கீழே இருந்து டயர் கடைக்காரர், "என்ன ஆச்சு?" என்று கத்தினார். "நின்னுடுச்சு!" என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினோம். எது நின்றது என்று அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் அவரும் ஒரு டயரைத் தட்டி மேளம் போட்டார்.

நான் சொல்ல வேண்டியதையும் சொன்னேன், முறைப்படி, சத்தமாக: தொடவில்லை. அது உண்மை. கதை எழுதுகிறவன் பேச்சை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அக்காவுக்கு அது தேவைப்படவில்லை.

9

இங்கே முடிய வேண்டும். ஆனால் கைவசம் இன்னொரு பத்தி இருக்கிறது. மறுநாள் பேக்கரியில் நடந்தது. முதலாளி என்ன சொன்னார், அக்கா என்ன செய்தாள் என்று. நல்ல பத்தி. அதன் கடைசியில் வானத்துக்கும் ஒரு சின்ன வேஷம் வைத்திருக்கிறேன்.

அக்கா என் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். சட்டையில் மாவு வாசனை.

"நிறுத்து," என்கிறாள்.

"ஒரே ஒரு பத்தி அக்கா. மறுநாள் என்ன ஆச்சுன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும். இவ்வளவு நேரம் என் கையைப் பார்த்திருக்காங்க இல்ல? அவங்களுக்கே தெரியும். சுண்டாதே."

சரி. என் தொடையில் வாள் இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் முயன்று பார்க்கிறேன். மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பத்தி மட்டும் தருகிறேன், அதற்கு மட்டும் அக்கா சம்மதித்திருக்கிறாள்.

மறுநாள் விடிந்ததும் அக்கா பேக்கரிக்குள் நுழைந்தாள். அடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. முதலாளி பொட்டல மேஜையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வழிவிட்டு ஒதுங்கி நின்றார். துடுப்பு சுவரில் சாய்ந்திருந்தது. அக்கா வலது கையை நீட்டி